எருசலேம் போக முடியாதவர்களின் மலை

வட இத்தாலியில், ஆல்ப்ஸ் மலைத்தொடரின் தெற்குச் சரிவில் செசியா ஆறு இறங்கிவரும் பள்ளத்தாக்கில் வரல்லோ என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஊருக்கு நேர் மேலே ஒரு பாறைக் குன்று. அக்குன்றின் மேல், கிறிஸ்துவின் கல்லறையைப் போலக் கட்டப்பட்ட சிற்றாலயம் ஒன்றில், 1491 அக்டோபர் 7 என்று நாளிட்ட லத்தீன் கல்வெட்டு உண்டு. இரண்டு பெயர்களை அது சொல்கிறது. கல்லறையையும் அதையொட்டிய கட்டடத்தையும் எழுப்பிக் கொடுத்தவர் மிலானோ ஸ்கரொஞ்ஞீனி என்னும் உள்ளூர்ச் செல்வந்தர். மலையின் புனித இடங்களை வகுத்தவர் பெர்னார்தீனோ காயீமி என்னும் பிரான்சிஸ்கன் துறவி. எதற்காக வகுத்தார் என்பதையும் கல்வெட்டே கூறிவிடுகிறது: பயணம் போக இயலாதவர் எருசலேமை இங்கேயே காணும்பொருட்டு.

நம் கோயில் கல்வெட்டுகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இதில் ஒரு சிறு வியப்பு காத்திருக்கிறது. யார் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார், எத்தனை விளக்குக்கு எத்தனை ஆடு என்பதையெல்லாம் நம் கற்கள் துல்லியமாகச் சொல்லும். அந்தக் கோயிலை மனத்தில் முதலில் கண்டவன் யார் என்பதை அநேகமாகச் சொல்வதில்லை. வரல்லோக் கல்வெட்டு காயீமிக்கு வழங்கும் வினைச்சொல்லோ ‘எண்ணிக் கண்டடைந்தார்’ என்ற பொருளைத் தருவது. ஒரு யாத்திரைத் தலம் அங்கே தோன்றவில்லை, யோசித்து உருவாக்கப்பட்டது என்பதை அது மறைக்கவேயில்லை. தெய்வம் கனவில் வந்து இடம் காட்டிய கதை இங்கே இல்லை. (அஸ்திவாரம் தோண்டும்போது, எருசலேமில் கல்லறையை மூடிய கல்லைப் போன்றே ஒரு பெரிய கல் கிடைத்தது என்ற மரபுக்கதை மட்டும் சேர்ந்துகொண்டது. அந்தக் கல்லை இன்றும் காட்டுகிறார்கள். ஸ்தலபுராணம் இல்லாமல் ஸ்தலம் நிற்காது போலும்.)

காயீமி எருசலேமை நேரில் அறிந்தவர். 1342-இலிருந்து அங்குள்ள கிறிஸ்தவத் தலங்களின் காவல் பிரான்சிஸ்கன் சபையிடம் இருந்தது. 1470-களின் பிற்பகுதியில் அவரும் அந்தப் பணிக்காகச் சென்று திரும்பினார். நகரம் அப்போது எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான்களின் கையில். வெனிஸ் துறைமுகத்தில் கப்பலேறி, கடற்கொள்ளையையும் கொள்ளை நோயையும் வரி வசூலிப்போரையும் கடந்து போய்த் திரும்பப் பல மாதங்கள் பிடிக்கும். 1480-இல் தென் இத்தாலியின் ஒத்ராந்தோ துறைமுகத்தையே ஒட்டோமான் படை பிடித்துவிட்ட பிறகு கடற்பயணம் பற்றிய அச்சம் இன்னும் கூடியிருந்தது. செசியாப் பள்ளத்தாக்கின் மாடு மேய்ப்பவருக்கும் கொத்தனாருக்கும் எருசலேம் என்பது ஞாயிறுதோறும் காதில் விழும் ஒரு சொல், அவ்வளவுதான். 1486-இல் எட்டாம் இன்னசென்ட் என்ற போப்பாண்டவரிடம் அனுமதி பெற்று, காயீமி அந்தச் சொல்லைக் குன்றின் மேல் கொண்டுவந்து இறக்கினார்.

அவர் செய்தது கதை சொல்லும் காரியமன்று என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். கிறிஸ்துவின் வாழ்க்கையைப் பிறப்பு முதல் உயிர்ப்பு வரை வரிசையாக அடுக்கும் எண்ணம் அவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் இடங்களைப் பிரதியெடுத்தார். நாசரேத் ஓரிடம், பெத்லகேம் ஓரிடம், சீயோன், ஒலிவ மலை, கல்வாரி என்று குன்றின் மேடு பள்ளங்களையே புனித பூமியின் மேடு பள்ளங்களாகக் கொண்டார். கல்லறைக்குள் நுழைய எருசலேமில் எப்படிக் குனிய வேண்டுமோ அப்படியே இங்கும் குனிய வேண்டும். முன்னறை ஒன்று, அதற்கப்பால் தாழ்ந்த வாசல், உள்ளே ஒருவர் இருவர் நிற்கும் இடம், மரத்தில் செதுக்கிய கிறிஸ்துவின் உடல். உடலைக் குறுக்கி நுழைகிறவனுக்கு வேறு விளக்கம் எதுவும் தேவைப்படாது. மூலமும் பிரதியும் ஒரே அளவு என்பதே இங்கு பக்தியின் ஆதாரமாகிறது. 1507-இல் மலைக்கு வந்த மிலான் நகர அரசியல் பிரமுகர் ஜிரோலமோ மொரோனே தம் கவிஞ நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இதைத்தான் வியக்கிறார். எருசலேமைப் பார்த்திருந்த துறவி ஒருவர் அவரை இடம் இடமாக அழைத்துச் சென்று, தொலைவும் அமைப்பும் அசலை ஒத்தவை என்று சொல்லியிருக்கிறார். அலங்காரமற்ற அந்த எளிமை பழங்காலத்தின் பெருமைகளையெல்லாம் மிஞ்சியது என்று மொரோனேவுக்குப் பட்டிருக்கிறது. 1514-இல் மிலானில் ஒரு செய்யுள் வழிகாட்டியே அச்சாகிவிட்டது. தலம் வகுக்கப்பட்டு ஒரு தலைமுறை முடிவதற்குள் கையேடும் வந்துவிட்டதென்றால் கூட்டம் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

இதற்குப் பின்னணியில் பிரான்சிஸ்கன் துறவிகளின் தியான மரபு இருக்கிறது. 1223-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸில் கிரெச்சியோ என்னும் ஊரில் புனித பிரான்சிஸ் உண்மையான மாட்டையும் கழுதையையும் வைக்கோலையும் கொண்டு குடில் அமைத்ததிலிருந்து அது தொடங்குகிறது. பார்த்தால் போதாது, நீயும் அங்கே இருக்க வேண்டும் என்பதே அந்த மரபின் அடிப்படை. 1454-இல் எழுதப்பட்டு 1494-இல் வெனிஸில் அச்சான ‘செபத்தின் தோட்டம்’ என்ற சிறு நூல் இதற்கு ஒரு செயல்முறையையே தருகிறது. உனக்கு நன்கு தெரிந்த ஊர் ஒன்றை எருசலேமாக மனத்தில் கொள், இன்ன தெருவில் இராவுணவு நடந்தது, இன்ன வீடு பிலாத்துவின் வீடு என்று இடம் குறித்துக்கொள், உனக்குத் தெரிந்தவர்களின் முகங்களையே அந்தக் கதையின் மாந்தருக்குக் கொடு என்கிறது அந்நூல். தனி அறையில் கண்மூடிச் செய்யவேண்டிய இந்தக் காரியத்தை ஒரு மலை முழுவதும் விரித்து, எழுத்தறியாதவரும் கால்களால் செய்யும்படி ஆக்கியதே காயீமியின் சாதனை என்று சொல்லலாம். அவர் 1500-ஐ ஒட்டிக் காலமானார்.

தெரிந்தவர்களின் முகங்களைக் கொடு என்ற அந்த அறிவுரையை நிறைவேற்ற ஒரு கலைஞன் வரவேண்டியிருந்தது. அதே பள்ளத்தாக்கின் வல்தூஜ்ஜா என்ற ஊரில் பிறந்த கவுதென்சியோ ஃபெர்ராரி அப்படி வந்தவர். குன்றின் அடிவாரத்தில் உள்ள மாதா கோயிலில், சபையோர் நிற்கும் பகுதியையும் துறவிகளின் பகுதியையும் பிரிக்கும் பெருஞ்சுவர் முழுவதும் கிறிஸ்துவின் வாழ்க்கையை 1513-இல் அவர் தீட்டி முடித்தார். யாத்ரிகர் முதலில் காண்பது அந்தச் சுவர். பிறகு மலையேறினால், தட்டையாகப் பார்த்த உருவங்கள் எழுந்து நிற்கின்றன. 1520-களில் அவர் அமைத்த கல்வாரிச் சிற்றாலயத்தை இந்த மலையின் உயிர்நிலை என்றே நாம் கருதுகிறோம். ஆளுயரச் சிலைகள், முழு அளவுக் குதிரைகள், மூன்று சிலுவைகள். அவற்றுக்குப் பின்னால் சுவரில் தீட்டப்பட்ட மக்கள்திரள். சிலை எங்கே முடிகிறது, ஓவியம் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது. அந்தத் திரளில் உள்ளூர்ப் பெண்கள், கைக்குழந்தையோடு தாய்மார், வேடிக்கை பார்க்க வந்தவர்கள். முக்கியமான செய்தி என்னவென்றால், அந்நாளில் யாத்ரிகர் இந்த அறைக்குள்ளேயே ஒரு வாசலால் நுழைந்து மறு வாசலால் வெளியேறினார்கள். சிலைக் கூட்டத்துக்கும் ஓவியக் கூட்டத்துக்கும் நடுவே உயிருள்ள கூட்டம் நின்றது. ஒரு பெண் தன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, குழந்தையை ஏந்திய சுடுமண் பெண்ணின் அருகில் நின்றிருப்பாள். கலையில் பங்கேற்பு என்று 20-ஆம் நூற்றாண்டில் எத்தனையோ அறிக்கைகள் வெளிவந்தன. அவற்றில் பலவும் இந்த அறையின் அருகே வரமுடியாதவை.

இந்த நெருக்கம் நீடிக்கவில்லை. 1565-க்கும் 1569-க்கும் இடையில் கலெயாத்ஸோ அலெஸ்ஸி என்ற கட்டடக் கலைஞர் மலைக்கு ஒரு புதுத் திட்டம் வகுத்தார். மிலானில் மரீனோ மாளிகையைக் கட்டியவர் அவர். ஸ்கரொஞ்ஞீனிக் குடும்பத்தில் பெண்ணெடுத்த ஜாக்கொமோ தத்தா அவரை அழைத்து வந்திருந்தார். அலெஸ்ஸி வரைந்த பெருந்தொகுதி ‘மறைபொருள்களின் நூல்’ என்ற பெயரில் வரல்லோ நூலகத்தில் கையெழுத்துப் படியாக இன்றும் இருக்கிறது. அதில் இரண்டு பெரிய மாற்றங்கள். இடங்களின் வரிசை போய்க் கதையின் வரிசை வருகிறது: ஆதாம் ஏவாளில் தொடங்கி உயிர்ப்பு வரை ஒரே பாதை. அடுத்தது, சிற்றாலயங்களின் உள்ளே யாரும் போகக்கூடாது. கண்ணாடியும் மரமும் கொண்ட தடுப்புகளில் குறித்த உயரத்தில் அமைத்த துளைகள் வழியாகத்தான் பார்க்க வேண்டும். காலப்போக்கில் மரக்கிராதிகளும் இரும்புக் கிராதிகளும் வந்தன. கவுதென்சியோவின் கல்வாரியும் அடைபட்டது.

அப்போது திரெந்து பொதுச்சங்கம் 1563-இல் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. சுரூபங்கள் குறித்து அதன் இறுதி அமர்வு வகுத்த விதிகள் புதிதாக நடைமுறைக்கு வந்துகொண்டிருந்தன. வடக்கே மலைக்கு அப்பால் சீர்திருத்தச் சபையினர் சுரூபங்களை உடைத்துக்கொண்டிருந்தார்கள். படிமங்களை வைத்துக்கொள்ள வேண்டும், ஆனால் அவற்றோடு மக்கள் என்ன செய்கிறார்கள் என்பது திருச்சபையின் கட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது அக்காலத்தின் மனநிலை. சிலைகளின் பாதுகாப்பும் ஒரு காரணம்தான்; தொட்டுத் தொட்டே தேய்ந்த சிலைகளை நாமும் அறிவோம். இருந்தாலும், உள்ளே நின்றவனை வெளியே நிறுத்தி, எங்கிருந்து எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு துளையால் தீர்மானிப்பது வேறு வகை அதிகாரம். காயீமியின் மலையில் யாத்ரிகன் சாட்சி. அலெஸ்ஸியின் மலையில் அவன் பார்வையாளன்.

அலெஸ்ஸியை வில்லனாக்கிவிடுவதும் சரியாகாது. துளை வழியே பார்க்கும் காட்சிக்குத் தனியான ஒரு வசியம் உண்டு. தெருவில் பயாஸ்கோப் பெட்டிக்குள் கண்வைத்துப் பார்த்த தலைமுறைக்கு அது விளங்கும். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜொவான்னி தென்ரீகோ சிற்பமும் மொராத்சோனே சுவரோவியமும் செய்த ‘இதோ மனிதன்’ சிற்றாலயம் அந்த வசியத்தை முழுக்கப் பயன்படுத்துகிறது. மேலே மாடத்தில் பிலாத்து கிறிஸ்துவைக் காட்டுகிறான். கீழே முற்றத்தில் கூச்சலிடும் கும்பல். கிராதிக்கு வெளியே நிற்கும் நம் கண் இருப்பது கும்பலின் பக்கம். கும்பலின் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிற இன்னொருவராக நாம் ஆகிவிடுகிறோம். அனுதாபத்தோடு வந்தவனைக் குற்றவாளிகளின் வரிசையில் நிறுத்தும் இந்தத் தந்திரம், உள்ளே விட்டிருந்தால் இவ்வளவு கூர்மையாகப் பலித்திருக்குமா என்பது யோசிக்கத்தக்கது.

கிராதிகளுக்கு அஞ்சாத ஒரு யாத்ரிகரும் இருந்தார். அவர் மிலானின் பேராயர் என்பதால் அஞ்ச வேண்டிய அவசியமும் இல்லை. திரெந்துச் சங்கத்தின் இறுதிக்கட்டத்தை நடத்தி முடித்தவர்களில் ஒருவரான கார்லோ பொரோமேயோ 1578-இல் ஒருமுறையும், 1584 அக்டோபரில் மறுமுறையும் வரல்லோவுக்கு வந்தார். இரண்டாம் முறை, தம் சேசு சபை ஆன்ம குருவோடு தங்கி, இரவில் விளக்கேந்திச் சிற்றாலயம் சிற்றாலயமாகத் தனியே நடந்து தியானித்தார். காய்ச்சல் கண்டு மிலானுக்குத் திரும்பி, நவம்பர் 3 இரவில் இறந்தார். 1610-இல் அவர் புனிதர் ஆக்கப்பட்டபோது மலையின் புகழும் உயர்ந்தது. ஒழுங்குமுறைகளின் ஆளாக அறியப்பட்டவர், நள்ளிரவில் கைவிளக்கின் ஆடும் வெளிச்சத்தில், ஒரு சுடுமண் முகத்தின் முன் நின்றதை எண்ணிப் பார்க்க நமக்குப் பிடிக்கிறது. காயீமியின் முறைதான் அது.

முகங்களுக்கு வருவோம். இன்று மலையில் பசிலிக்காவோடு நாற்பத்தைந்து இடங்களும் 800-க்கும் மேற்பட்ட சிலைகளும் உள்ளன. அவற்றைச் செய்தவர்களில் பலர் இந்தப் பள்ளத்தாக்கின் மக்களே. ஜொவான்னி தென்ரீகோவும் ‘வரல்லோவின் தான்ஸியோ’ என்று ஓவிய உலகம் அறியும் அவருடைய தம்பியும் பள்ளத்தாக்கின் மேல்முனையான அலாஞ்ஞாவில் ஜெர்மன் கிளைமொழி பேசும் குடியில் பிறந்தவர்கள். கொத்துவேலைக்கும் சுதைவேலைக்கும் ஊர் ஊராகப் போய் வந்த சமூகம் அது. அவர்கள் தம் மக்களை அறிந்து செதுக்கினார்கள். சில சிலைகளுக்கு உண்மையான முடியும் கண்ணாடிக் கண்களும் உண்டு. சுருக்கம் விழுந்த கிழவர்களும் பல் போனவர்களும் உண்டு. அத்தோடு, கிறிஸ்துவை அடிக்கும் சேவகர் சிலரின் தொண்டையில் பெரிய கழலை தொங்குகிறது. அயோடின் குறைந்த ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளில் முன்கழுத்துக் கழலை அன்று பரவலான நோய். ஏழைகளின் நோய் என்றும் சொல்லலாம். பார்த்தவுடன் யாரும் அடையாளம் கண்டுகொள்வார்கள், நம்மூர் ஆள் என்று. ஆனால் அந்த அடையாளம் வழங்கப்பட்டது சாட்டை பிடித்தவனுக்கு. மாதாவின் கழுத்திலோ யோவானின் கழுத்திலோ கழலை இல்லை.

இது நம்மைத் தொந்தரவு செய்கிறது. மக்கள் கலை, மண்ணின் முகம் என்றெல்லாம் கொண்டாடும்போது இந்தக் கழலையைத் தாண்டிப் போய்விட முடியாது. கிராதிக்கு வெளியே, அதே கழலையோடு முழந்தாளிட்டிருந்தவர் என்ன நினைத்திருப்பார்? தன் பாவத்தின் உருவம் அதுவே என்று ஏற்றிருக்கலாம். அந்தக் காலத்துப் போதனை அதைத்தான் எதிர்பார்த்தது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தும் இருக்கலாம். நோயின் வரலாற்றை எழுதுகிற மருத்துவர்கள் இன்று இந்தச் சிலைகளைச் சான்றாக எடுத்தாளுகிறார்கள். அந்த மக்களைப் பற்றி இவ்வளவு நுட்பமாக வேறெந்த ஆவணமும் பேசவில்லை என்பதும் உண்மை.

அந்த மக்கள் தாமே விட்டுச்சென்ற சுவடுகளும் உண்டு. கைக்கெட்டிய சுவரோவியங்களில் ஆணியாலும் கத்தி முனையாலும் கீறிய பெயர்களும் ஆண்டுகளும் இருக்கின்றன. காவிரிக்கரையிலிருந்து காசி வரை எந்த மண்டபத்திலும் இப்படிக் கீறல்களைப் பார்த்துப் பொருமியவர்கள் நாம். ஆனால் நானூறு ஆண்டு கடந்த கீறல் குறும்புத்தனம் என்ற கணக்கிலிருந்து நழுவி வேறொன்றாகிவிடுகிறது. எருசலேமில் தன் பெயரைப் பொறித்துவிட்டு வருவது அன்றைய யாத்ரிகப் பிரபுக்களின் வழக்கம். இங்கே பொறித்தவர் அந்த உரிமையைத்தான் எடுத்துக்கொண்டார்.

கலை வரலாறு இந்த மலையை நெடுநாள் கண்டுகொள்ளவில்லை. வண்ணம் பூசிய சுடுமண், ஒட்டு முடி, உடுத்திய துணி என்று எல்லாமே சலவைக்கல் ரசனைக்கு எதிரானவை. 1888-இல் ‘எக்ஸ் வோட்டோ’ என்ற முழு நூலையே வரல்லோவுக்காக எழுதியவர், வேடிக்கையாக, கிறிஸ்தவத்தோடு வாழ்நாள் முழுக்கச் சண்டையிட்ட ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் பட்லர். ‘எரேவான்’ நாவலின் ஆசிரியர்தான். நம்பாதவருக்கு அந்தச் சிலைகளின் வேலைப்பாடு தெரிந்தது. 1887-இல் ஊரார் அவருக்கு விருந்து வைத்துக் கௌரவித்திருக்கிறார்கள். அதன்பின் 1965-இல் ஜொவான்னி தெஸ்தோரி இத்தாலிய மொழியில் எழுதிய ‘மாபெரும் மலை நாடகம்’ கவுதென்சியோவை மறுபடி நடு அரங்குக்குக் கொண்டுவந்தது. 2003-இல் வரல்லோ உள்ளிட்ட ஒன்பது புனித மலைகளை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக ஏற்றது.

ஒன்பதில் வரேசே ஊரின் மலை பற்றி ஒரு வார்த்தை. 1604-இல் கப்புச்சின் துறவி ஒருவர் தொடங்கிவைத்து, பெர்னஸ்கோனே என்ற கலைஞர் வகுத்த பாதை அது. செபமாலையின் பதினைந்து தேவரகசியங்களில் பதினான்குக்குச் சிற்றாலயங்கள். பதினைந்தாவது மலையுச்சிக் கோயிலின் பீடமே. சுமார் இரண்டு கிலோமீட்டர் கல்பாவிய ஏற்றம். மகிழ்ச்சி, துயரம், மகிமை என மூன்று பகுதிகளின் தொடக்கத்திலும் ஒரு வளைவு, அருகே ஒரு நீரூற்று. செபமாலை உருட்டத் தெரிந்த யாருக்கும் வழிகாட்டி தேவையில்லை. பாதையே ஒரு செபமாலை. மூன்றாம் சிற்றாலயத்தின் வெளிச்சுவரில் சிதைந்துபோயிருந்த பழைய ஓவியத்தின் இடத்தில் 1983-இல் ரெனாத்தோ குத்துசோ எகிப்துக்குத் தப்பியோடும் காட்சியைத் தீட்டினார். அவர் இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர், அந்த மலைக்கு அருகே வீடு வைத்திருந்தவர்.

தமிழ் நாட்டுக்கும் இதன் ஒரு கிளை வந்து சேர்ந்திருக்கிறது. 1731-இல் பன்னிரண்டாம் கிளமெண்ட் போப்பாண்டவர் பதினான்கு நிலைகள் என்று எண்ணிக்கையை உறுதிப்படுத்திய சிலுவைப் பாதை, பிரான்சிஸ்கன் துறவிகள் பரப்பிய அதே வழக்கத்தின் சுருக்கம். மலை இல்லாத ஊரிலும் கோயில் சுவரில் பதினான்கு படங்களை மாட்டி எருசலேமை நடந்துவிடலாம். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் நம் கத்தோலிக்கக் கோயில்களில், படத்துக்குப் படம் நகர்ந்து, நிலைக்கு நிலை முழந்தாளிட்டு மக்கள் செய்வது அதைத்தான். இங்கே கிராதி கிடையாது.

இன்னொரு தொடர்பு முகத்தைப் பற்றியது. வீரமாமுனிவர் பிறந்ததும் வட இத்தாலியில்தான், 1680-இல், வரல்லோவுக்குக் கிழக்கே லொம்பார்தியின் காஸ்திலியோனே என்ற ஊரில். கோணான்குப்பத்தில் அவர் நிறுவிய பெரியநாயகி மாதா தமிழ்ப் பெண்ணின் உடையில் நிற்கிறாள். கையில் குழந்தை.